தினம் ஒரு திட்டு

"இனிமே உங்க கடுதாசியை நான் தொட மாட்டேன் நூலாம்மா. வேற ஆளைப் பாருங்க!"

தபால் வண்டியை நூலாவின் கேட் முன்னால் நிறுத்திவிட்டுப் பொரிந்து தள்ளினான் டோனல்.

நூலா அசரவில்லை. மறுநாளைக்கான கடிதத்தை நிதானமாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டாம்ப் ஒட்டியிருக்கேன்ல? கொண்டுபோய்க் கொடுக்கிறது உன் வேலை."

"எது என் வேலை? தினமும் ஒரு மனுஷனோட ரத்தக்கொதிப்பை ஏத்துறதா?"

அயர்லாந்தின் கன்னிமாரா மலைப்பகுதியில் அந்தப் பாதைக்கே இரண்டு வீடுதான். கீழே நூலா, மேட்டில் ஃபெஸ்டி. ஏதோ வேலித் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. பேச்சுதான் நின்றது, ஏச்சு நிற்கவில்லை. போன குளிர்காலத்திலிருந்து தினமும் நூலா கைப்பட ஒரு கடிதம். ஃபெஸ்டி அதை வாசலிலேயே பிரித்து, டோனலுக்கும் சேர்த்து உரக்கப் படிப்பார்.

'உன் ஆடு என் முட்டைக்கோஸைத் தின்றுவிட்டது. வளர்த்தவனைப் போலவே அதற்கும் வெட்கமில்லை.'

இது நேற்றையது. ஃபெஸ்டி போட்ட கூச்சலில் அந்த ஆடே மிரண்டு ஓடியது.

"ஆஸ்பத்திரியில கிடந்து பிழைச்சு வந்தவரு. கொஞ்சமாவது ஈரம் வேண்டாமா உங்களுக்கு? திட்டித்தான் ஆகணும்னா போன்ல திட்டுங்க!"

நூலா நிமிர்ந்து பார்த்தாள்.

"போன குளிர்காலத்துல அவன் சமையல்கட்டுல விழுந்து ரெண்டு நாள் தரையிலேயே கிடந்தானே, அப்ப நீ எங்கே போனே?"

"அது... அவருக்குத் தபால் எதுவும் வரலை. அதனால மேட்டுக்கு வண்டியை ஏத்தலை."

"எப்படி வரும்? பில்லு, பேங்க்கு, பென்ஷன் எல்லாம் போன்லயே வந்துடுது. என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நான் அந்த மேட்டை ஏற முடியுமா? போன் பண்ணினா, தரையில கிடந்துக்கிட்டே 'நல்லாத்தான் இருக்கேன், வை'ம்பான் அந்த வீம்பு பிடிச்சவன். கடுதாசின்னா நீ நேர்ல போய்ப் பார்த்துத்தானே ஆகணும்?"

டோனலுக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அதுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதக் கூடாதாம்மா?"

"நல்ல வார்த்தையை மெதுவாப் படிச்சுக்கலாம்னு மேஜையில போட்டுடுவான். திட்டுன்னாத்தான் எழுந்து வாசலுக்கு வருவான். இதையெல்லாம் அவன்கிட்டே போய் உளறிடாதே. வீம்புக்குக் கதவைச் சாத்திக்குவான். போ, நேரமாகுது."

டோனல் கடிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

மேட்டில் ஃபெஸ்டி கைத்தடியோடு வாசலிலேயே காத்திருந்தார். முந்தின நாளே நூலா கொடுத்தனுப்பியிருந்த இன்றைய கடிதத்தைப் பிரித்தார்.

'உன் சட்டையைத் துவைத்து எத்தனை மாதமாகிறது? காற்று என் பக்கம்தான் வீசுகிறது.'

"அடிப்பாவி! என் சட்டையா நாறுது? உன் வாய்தான்டி நாறுது!"

மலையே அதிர்ந்தது.

"மெதுவா, ஐயா," என்றான் டோனல். "நான் பக்கத்துலதானே நிக்கிறேன்? எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துறீங்க?"

ஃபெஸ்டி கடிதத்தை மடிப்புக் கலையாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். குரல் தானாகத் தணிந்தது.

"உனக்காகவா கத்துறேன்? கீழே கேட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி நிப்பா. என் சத்தம் கேட்டாத்தான் அவ உள்ளே போய் நிம்மதியா டீ குடிப்பா."