சத்துருவோடு ஒரு படம்

மன்னிப்பதற்கென்றே சபை மூப்பர் புதுக் கோட்டு ஒன்று தைத்திருந்தார். சிறைவாசலில் நின்றுகொண்டு, கையை எவ்வளவு அகலம் விரித்தால் படத்தில் நன்றாக விழும் என்று போட்டோக்காரரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

"சபைப் பத்திரிகைக்கு இதுதான் அட்டைப்படம், தம்பி. மகனை லாரி ஏத்திக் கொன்னவனை அப்பனே கட்டிப்பிடிக்கிறான். சத்துருவைச் சிநேகிக்கிறதுன்னா சும்மாவா?"

"கஷ்டமா இல்லையாங்க ஐயா?"

மூப்பரின் குரல் இறங்கியது. "ஏழு வருஷமா அந்த டிரைவருக்காக தினமும் முட்டிபோட்டு ஜெபம் பண்றேன். முதல் வருஷம் வாயே வரல. இப்பத்தான், அவன் முகத்தை நினைச்சாலும் தூங்க முடியுது."

அது மட்டும் படத்துக்காகச் சொன்னதல்ல.

இரும்புக் கதவு திறந்தது. துணிப்பையோடு டிரைவர் வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னாலேயே வந்த வார்டர், மூப்பரைப் பார்த்ததும் தயங்கினார்.

"முன்னாடியே விட்டுட்டீங்களாமே, நன்னடத்தையா?" என்று மூப்பர் வார்டரிடம் பெருந்தன்மையோடு விசாரித்தார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா? அன்னிக்கு லாரி ஓட்டினது வேற ஆளுங்க. அவனே வந்து ஒத்துக்கிட்டான். இவர் நிரபராதின்னு கோர்ட்டே விட்டுருச்சு."

விரித்த கை விரித்தபடியே நின்றது. 'இவன்தான், என் கண்ணால பார்த்தேன்' என்று கோர்ட்டில் டிரைவரைச் சுட்டிக்காட்டியது அந்தக் கைதான். வழக்கில் வேறு சாட்சியே கிடையாது.

டிரைவர் பையைக் கீழே வைத்துவிட்டு, மூப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போட்டோக்காரர் கேமராவை இறக்காமலே கேட்டார்:

"ஐயா, இப்ப யாரு யாரைக் கட்டிப்பிடிக்கணும்?"