பச்சை ஏறிய முளைப்பாரி

காலையில் இரும்புக் கதவைத் திறந்ததும் பூவம்மாவுக்குத் திக்கென்றது.

முளைப்பாரி பச்சை பிடித்திருந்தது.

இருட்டிலேயே வளர்ந்து, வெளிர் மஞ்சளாக, பொன்னை இழைத்ததுபோல் நிற்க வேண்டிய பயிர். அதற்காகத்தான் தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டின் பாம் ஷெல்ட்டரை, அந்தக் குண்டுகாப்பு அறையைக் காலிசெய்து சட்டியை உள்ளே வைத்தாள். ஜன்னலே கிடையாது. குண்டு விழுந்தாலும் தாங்கும் சுவர், வெளிச்சமா புகுந்துவிடும்?

வெள்ளிக்கிழமை லிட்டில் இந்தியா அம்மன் கோயிலுக்கு எடுத்துப்போக வேண்டும். மகன் ரித்திக்குக்காக நேர்ந்துகொண்டது.

வேலை போனதிலிருந்து அவன் அறைக்குள்ளேயே முடங்கிவிட்டான். சாப்பாட்டுத் தட்டுக்கும் குளியலுக்கும் மட்டும் கதவு திறக்கும். முகம் பார்த்துப் பேசி மாதக்கணக்காகிறது. பிள்ளை வெளியே வந்தால் போதும் தாயே என்று விதைத்த பயிர் இப்படி நிறம் மாறி நின்றால் என்ன அர்த்தம்?

அந்த நேரம் பார்த்து மார்சிலிங்கிலிருந்து நாத்தனார் சந்திரமதி வந்து சேர்ந்தாள். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. கண்பட்டுவிட்டது என்று பூவம்மா புலம்ப, அவள் குனிந்து பயிரைப் பார்த்தாள்.

பச்சையாவதற்கான சரக்கெல்லாம் முளைக்குள்ளேயே தயாராக இருக்கிறதாம். அதை மாற்றிக் கொடுக்க ஒரு நொதியும் இருக்கிறதாம். ஆனால் வெளிச்சம் படும்வரை அந்த நொதி ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாதாம்.

"கதவு திறந்து மூடுற வெளிச்சத்துக்கெல்லாம் இவ்வளவு பச்சை ஏறாது அண்ணி. யாரோ ராத்திரி முழுக்க இங்க லைட்டைப் போட்டு வச்சிருக்காங்க லா."

யார் போட்டது? கணவர் முத்துசாமி இரவு வேலைக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை. பூவம்மா மாத்திரை போட்டுக்கொண்டு அடித்துப்போட்டதுபோல் தூங்கியிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பிளாஸ்டிக் முக்காலி கண்ணில் பட்டது. அடுப்படியில் கிடக்க வேண்டியது. சட்டிக்கு எதிரே, யாரோ உட்கார்ந்து எழுந்துபோன வாக்கில் இருந்தது.

சட்டி மண்ணைத் தொட்டாள். சொதசொதவென்று ஈரம்.

அவள் இன்று இன்னும் தண்ணீரே தெளிக்கவில்லை; தெளிக்கக் கொண்டுவந்த செம்பு நிறைந்தபடி கையிலேயே இருந்தது.

ரித்திக்கின் கதவு எப்போதும்போல் சாத்தியிருந்தது. பூவம்மா அதைத் தட்டவில்லை.

கோயிலுக்கு வேறு பாரி வாங்கிக்கொள்ளலாமா என்று சந்திரமதி கேட்டாள்.

"இதையேதான் தூக்கிட்டுப் போறேன்."

கையிலிருந்த செம்பை, தண்ணீர் குறையாமல், முக்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.