முதல் பதிப்பு

"முதுகுல லேசா வெடிப்பு விட்டிருக்கு. இந்த வயசுக்கு அது சகஜம்தான்" என்றார் வெள்ளைக் கையுறை போட்டவர்.

விளக்கைத் தாழ்த்தி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டவைத்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிழைக்குமா பிழைக்காதா என்று கேட்கிற முகத்தோடு அவள் எதிரே நின்றாள்.

மேஜைமேல் கிடந்தது ஒரு காமிக்ஸ் புத்தகம். அவள் கணவர் கிடந்தது நாலு தெரு தள்ளி, மருத்துவமனைக் கட்டிலில். பத்தரைக்கு அவரை இதய ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். மாற்றுத்துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, பழைய காமிக்ஸுக்கு விலை சொல்லும் இந்தக் கடைக்கு வந்திருந்தாள்.

நேற்று சம்மதப் படிவத்தை நீட்டியபோது அவளுக்குக் கை ஓடவில்லை. "பேசாம போடு. எனக்கு ஒண்ணு ஆனாலும் பரண்மேல தகரப் பெட்டி இருக்கு. எல்லாம் முதல் பதிப்பு. நீயும் பொண்ணும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்றார் அவர். இருபது வருஷமாக எந்தக் கஷ்டம் வந்தாலும் அவர் எடுத்துவிடுகிற வசனம்தான். அந்தத் தைரியத்தில்தான் கையெழுத்துப் போட்டாள்.

போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. காலையில் வீட்டுக்கு ஓடி, பெட்டியில் இருந்த முப்பத்திரண்டில் மேலாக இருந்த ஒன்றை மட்டும் உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆள் உயிரோடு இருக்கும்போதே விலை கேட்க வந்து நிற்கிறோமே என்று அவளுக்கே அவள்மேல் வெறுப்பாக இருந்தது.

"ஒரே ஒரு பக்கம் பாத்தா போதும்மா, தெரிஞ்சிடும்" என்றார் கடைக்காரர். "மூணாம் பக்கத்துல வில்லனோட தொப்பி பச்சையா இருந்தா முதல் பதிப்பு. அச்சுல கலர் மாறிப்போச்சு. அடுத்த தடவை போடும்போது சிவப்பாத் திருத்திட்டாங்க."

"பச்சையா இருந்தா?"

"இந்த ஒரு புத்தகத்துக்கே சின்னதா ஒரு வீடு வாங்கலாம்."

அவர் அட்டையைத் தூக்கினார். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அவள் மூச்சே விடவில்லை.

வில்லன் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். தொப்பி செக்கச் செவேலென்று இருந்தது.

"மறுபதிப்பும்மா. எடைக்குப் போட்டா என்ன வருமோ அதுதான்." அவர் புத்தகத்தை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். "மிச்ச முப்பத்தொண்ணும் இதே கதைதான். தூக்கிட்டு வந்து அலையாதீங்க."

அவள் காதில் பாதிதான் விழுந்தது. அவர் மேஜை ஓரத்தில் இருந்த ஜாடியைத் திறந்து, நீலத்தாள் சுற்றிய மிட்டாய் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"கெட்ட சேதி சொல்லி வெறுங்கையோட அனுப்பினா எனக்குச் சாப்பாடு இறங்காது. வச்சுக்குங்க."

மிட்டாயும் புத்தகமும் பைக்குள் போயின. திரும்பி நடந்த நாலு தெருவும் அவளுக்கு நாற்பது தெருவாக நீண்டன. பணம் இல்லை என்பதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பெட்டியை நம்பி நிம்மதியாகத் தூங்கிய மனுஷனிடம் என்ன சொல்வது? பதற்றமே கூடாது என்று டாக்டர் வேறு காலையில் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

வார்டுக்குள் நுழையும்போது மணி பத்து இருபது. அவர் கண் நேராக அவள் பையில் போய் நின்றது. அவசரத்தில் சரியாக மூடாத பை. புத்தகத்தின் மூலை வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"துணி எடுக்கப் போறேன்னு புத்தகம் எடுக்கப் போனியா?" அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே அவளைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

"மனசு கேக்கலங்க. சும்மா காட்டிட்டு வந்தேன்."

"என்ன விலை சொன்னாங்க?"

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த திரையில் அவர் இதயம் பச்சைக் கோடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அவள் பேசினாள்.

"நீங்க சொன்னதுதான். முதல் பதிப்பாம். இந்த ஒண்ணுக்கே ஒரு வீடு வாங்கலாமாம். தொப்பி பச்சைப் பசேல்னு இருக்குன்னு கடைக்காரருக்கே ஆச்சரியம்."

கல்யாணமான நாள் முதல் அவரிடம் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான். குரல் தடுமாறாமல் வந்ததே பெரிய விஷயம்.

"நான்தான் சொன்னேனே" என்று அவர் சிரித்தார். கோடு அதே வேகத்தில் ஓடியது. அப்பாடா, நம்பிவிட்டார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைப் பையிலிருந்து வெடுக்கென்று உருவினாள். கூடவே வந்த மிட்டாய் அவர் போர்வைமேல் விழுந்தது.

அவர் அதை எடுத்து, நீலத்தாளை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிப் பார்த்தார்.

ஊழியர் வந்து கட்டில் சக்கரத்தின் பூட்டை விடுவித்தார். "கிளம்பலாமா சார்?"

"ஒரு நிமிஷம்பா."

மிட்டாயை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"நல்ல விலை சொன்னா அவர் மிட்டாய் குடுக்க மாட்டாரே."