மருதமுனைத் தறி

“மடார்! மடார்!”

மர்ஷூதா டீச்சரின் காதுக்குள் இடி விழுந்தது. கொரோனா பள்ளிக்கூடத்தைப் பூட்டியதிலிருந்து போன் திரைதான் அவருக்கு வகுப்பறை. அதில் பிள்ளைகளின் முகம் தெரியாது, பெயர்தான் தெரியும். சத்தம் வந்தது மருதமுனை நுஸ்காவின் பெயரிலிருந்து.

“என்ன மகள் அது?”

பதில் சொன்னது ஓர் ஆண்குரல். “நான் வாப்பா கதைக்கிறன் டீச்சர். தறி நெய்யிறம்.” பேசியவருக்கு மூச்சு வாங்கியது.

மருதமுனையில் தறிச் சத்தம் கேட்காத தெரு ஏது? “அப்ப மைக்க மூடுங்க மகள்.”

மறுநாளும் மைக் திறந்தே கிடந்தது. மடார் என்றது, பானை உடைந்தது, மறுபடியும் மடார். என்ன கேடுகெட்ட தறியோ, தாளமே இல்லை! “எத்தின தரம் செல்ற?” என்று எரிந்து விழுந்த டீச்சர் தானே அந்த மைக்கை மூடினார். அன்றிலிருந்து வகுப்பு தொடங்கியதும் அதுதான் அவருக்கு முதல் வேலை.

ஒருவழியாகப் பள்ளிக்கூடம் திறந்தது. முன்வரிசையில் நுஸ்கா.

“உங்கட உம்மா எனக்கொரு சாரி நெய்து தருவாவா மகள்?”

“எங்கட ஊட்ட தறி இல்ல டீச்சர். நான் பொறக்க முந்தியே சுனாமி கொண்டு போயிட்டு.”

அப்போதுதான் டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் தையல் போட்ட காயம்.

“அப்ப... அந்தச் சத்தம்?”

“வாப்பா உம்மாக்கு அடிச்ச சத்தம். உம்மா இப்ப ஆஸ்பத்திரியில.” நுஸ்கா தலையைக் குனிந்துகொண்டாள். “உங்களுக்குக் கேக்கட்டும் எண்டுதான் டீச்சர், ஒவ்வொரு நாளும் மைக்கத் திறந்து வெச்சன்.”