ஆக்சிலேட்டர் கோடு

மைலேஜ் குறைகிறது என்று ஷெட்டுக்கு வந்த கார் அது. லேப்டாப்பை மாட்டி, வண்டி ஓடிய பதிவான லாக்கை எடுத்தால், ஆக்சிலேட்டர் சென்சார் என் உயிரை வாங்கியது. பெடலை ஒரே அழுத்தாக மிதித்து ஓட்டினாலும் திரையில் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கினேன். சென்சார் ஒயரை இக்னிஷன் காயிலிலிருந்து தள்ளிக் கட்டினேன். கடைசியில் சென்சாரையே மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் என் லைசென்ஸில் பதிந்த கட்டைவிரல் ரேகையை வைத்து ஸ்டார்ட் பண்ணி, அவிநாசி ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். ரம்பம் போகவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் காரின் சொந்தக்காரி ஹெலன் வந்தார்.

"இன்னும் முடியலீங்களாண்ணா?"

"நீங்களே ஓட்டுங்கம்மா, அப்பத் தெரியும்!"

எரிந்து விழுந்துவிட்டு, லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மிதித்தார். கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது.

"சரியாத்தானுங்களே இருக்குது!"

நான் என் வலது தொடையை அழுத்திப் பிடித்தேன். கைக்குக் கீழே அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் எந்த வண்டியை ஓட்டினாலும், அந்த லாக் ஓட்டியவர் பெயரில் நேராக லைசென்ஸ் ஆபீசுக்குப் போய்விடுகிறது. ஒரு தடவை கால் நடுங்கினால் விட்டுவிடுவார்கள்; திரும்பத் திரும்ப நடுங்கினால் லைசென்ஸ் போய்விடும். நான்தான் பழுதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று ஓட்டி ஓட்டி அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஷெட்டில் நின்ற வண்டிகளில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலை வைத்தேன். ஒன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிகளைச் சோதித்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.