மருந்தில்லாத மாத்திரை

சபிஹா மருந்தே இல்லாத மாத்திரை செய்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று காதில் விழுந்தபோது பேராசிரியர் நூருல் ஹுதா நம்பவில்லை.

வங்கதேசத்தில், மைமன்சிங்கில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தில் அவளைப்போல் நிதானமான பெண் கிடையாது. சணல் நாரை நறுக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அமிலத்தில் கொதிக்கவிட்டு, அமிலம் போகிறவரை கழுவிக் காயவைத்து, வெள்ளை வெளேரென்று செல்லுலோஸ் பொடி எடுப்பாள். எக்ஸ்ரே சோதனையில் அதன் படிகங்கள் சரியாகத் தெரிகிறவரை விடமாட்டாள்.

நாம் விழுங்கும் பல மாத்திரைகளில் மருந்து துளிதான். மீதியெல்லாம் இந்தப் பொடி. அதனால் வெறும் பொடியை மாத்திரையாக அழுத்தி, உடையாமல் நிற்கிறதா, தண்ணீரில் உதிர்ந்து பிரிகிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை.

கூப்பிட்டுக் கேட்டார். அவள் மறைக்கவில்லை.

"அப்பாவுக்கு, ஸார்."

அம்மா இறந்ததிலிருந்து அப்பாவுக்குத் தூக்க மாத்திரை பழகிவிட்டது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அப்பா கேட்கவில்லை. மாத்திரை இல்லாமல் படுக்கமாட்டேன் என்று அடம். வேறு வழி தெரியாமல் பழைய புட்டியில் இதைப் போட்டு வைத்தாளாம்.

"லேப்ல எடுத்த சணல் பொடியையா மனுஷனுக்குக் கொடுக்கறே?"

"கொடுப்பேனா ஸார்? நம்ம பொடியோட ஒப்பிட்டுப் பார்க்க மருந்துத் தரத்துல ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோமே, அதுதான். நிம்மதியாத் தூங்கறார்."

அவருக்குக் கோபம் ஆறவில்லை. போலி மருந்தை எதிர்த்து மேடை மேடையாகப் பேசுகிறவர் அவர். பெற்றவரை ஏமாற்றுவது என்ன நியாயம், நீயே சொல்கிறாயா, நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் ஸார் என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் அப்பா கியாசுதீன், படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சபிஹா முகம் வெளுத்துப்போய்த் தேநீர் போட உள்ளே போனாள்.

"நீங்க சாப்பிடற தூக்க மாத்திரை பத்தி ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

கியாசுதீன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"அதுல மருந்து இல்லைங்கறதுதானே ஸார்? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. நிஜ மாத்திரை நாக்குல பட்டாலே கசக்கும். இது அரிசி மாவாட்டம் கரையுது."



"அப்ப தூக்கம்?"

"எங்க வருது? கண்ணை மூடிக் குறட்டை விட்டுக்கிட்டுக் கிடக்கறேன்."

"இதுக்கு எதுக்கு அடம்பிடிச்சு மாத்திரை கேட்டீங்க?"

"அவங்கம்மா போனதுலேர்ந்து நான் முழிச்சிருந்தா இவளும் கதவோரமா உட்கார்ந்துடுவா. எவ்வளவு சொன்னாலும் போய்ப் படுக்கமாட்டா. காலையில அந்தச் சொருகின கண்ணோடயே போய் ஆசிட் பாட்டிலைத் தூக்குவா. எங்க கையில ஊத்திப்பாளோன்னு பயம்."

உள்ளே கோப்பைகளை எடுக்கும் சத்தம் கேட்டது. கியாசுதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது, ஸார். நான் முழுங்கறேன், அவ தூங்கறா."