சிவப்பில் எழுதியது

நர்ஸ் ஊசியை நிமிர்த்திப் பிடித்து ஒரு சொட்டை வெளியேற்றுகிறாள். கட்டிலில் கண்மூடிக் கிடக்கும் அம்மாவின் சட்டைக் கையை மகள் மறுபடியும் கீழே இழுத்துவிடுகிறாள். "இந்த மருந்து அம்மாவுக்கு ஒத்துக்காது சிஸ்டர். போன தடவ மூச்சே நின்னுபோச்சு. ஃபைல் அட்டையிலயே டாக்டர் சிவப்பு மையில எழுதிவச்சாரு." "ஃபைலெல்லாம் ஸ்கேன் பண்ணிப் பழைய பேப்பருக்குப் போட்டாச்சு," என்கிறாள் நர்ஸ். "சிஸ்டத்துல அப்படி எதுவும் இல்ல. நாலெழுத்து படிச்சுட்டா எல்லாருக்கும் டாக்டர்னு நெனப்பு." சக்கர மேசை கிறீச்சிட, கணினி மகளின் முகத்துக்கு நேரே திரும்புகிறது. ஃபைல் அட்டையின் கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பு மையில் எழுதிய அம்மாவின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. அதற்குக் கீழே, சிவப்பு எழுத்துகள் இருந்த இடத்தில், துடைத்துவிட்ட சுவர்போல வெறும் வெளுப்பு. சிவப்பை மட்டும் விழுங்கிவிட்டுச் சாதுவாக ஒளிர்கிறது திரை. "கைய விடும்மா, இன்னும் பன்னெண்டு பேர் இருக்காங்க." மகள் விடுவதாயில்லை. நர்ஸின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, மூடியைப் பல்லால் கடித்துத் துப்பி, அம்மாவின் சட்டைக் கையைத் தானே மேலேற்றி, ஊசி இறங்க வேண்டிய தோலிலேயே மருந்தின் பெயரை எழுதி, பக்கத்தில் 'கூடாது' என்று அழுத்துகிறாள். அம்மா முனகுகிறாள். "கறுப்பு மைதான் சிஸ்டர். இப்போ ஸ்கேன் பண்ணுங்க, விழும்."